தொபுக்கடீர் தாத்தாவின் மனைவி

ஜூன் 6, வியாழன்

ஐந்து நாள் கழித்து இன்று குழாயில் தண்ணீர் வந்தது. பிடித்து முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து இவர் வந்து நின்று, "ஜெயா, நீ எத்தன கிலோ இருப்ப?" என்று கேட்கிறார். குடமும் கையுமாக நிற்கிற பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது?

"எதுக்கு? எடைக்குப் போடப் போறீகளா?"

"சும்மாதான். சொல்லேன்."

ஐம்பத்தெட்டு என்றேன். பொய் ஒன்றும் இல்லை, ஒரு காலத்தில் இருந்ததுதான். "அம்பத்தெட்டு, அம்பத்தெட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே பின்பக்கத் தகரக் கொட்டகைக்குள் போய்விட்டார்.

நல்ல சேதி ஒன்று. நான் நோட்டு அட்டையும் பட்டாசுப் பெட்டி லேபிளும் வரைந்து கொடுக்கிற அச்சகத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கவின்மொழி என்று பெயர். பிள்ளைகளுக்கான புத்தகம் போடுகிறவள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பைண்டிங் பெண்களுக்கு நான் வழக்கம்போலக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். பறக்கிற இயந்திரம் செய்கிறேன் செய்கிறேன் என்று ஒருத்தர் விழுந்து விழுந்து எழுந்த கதை. அவர்கள் சோற்றைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். கவின்மொழியும் வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். "அக்கா, இதையே படப் புத்தகமா போடலாம். நீங்களே எழுதி நீங்களே வரைங்க" என்றாள்.

இத்தனை வருஷமாக எத்தனை லட்சுமி, எத்தனை குருவி, எத்தனை குழந்தை வரைந்திருப்பேன்! ஒன்றிலும் என் பெயர் இருந்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

கதையில் வருகிறவர் கற்பனை மனிதர். அதை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

முதல் இயந்திரம் வரைந்தாகிவிட்டது. சைக்கிள் ஹேண்டில்பாரில் அரிசி புடைக்கிற பெரிய சொளகு இரண்டைக் கட்டிக்கொண்டு அரிசி மில் சரிவில் இறங்குகிறார். சொளகு படபடக்கிறது. கோழிகள் ஓடுகின்றன. மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் "தொபுக்கடீர்!"

ஒவ்வொரு இயந்திரமும் இந்தச் சொல்லில்தான் முடியும். புத்தகத்தின் பெயரும் அதுதான், 'தொபுக்கடீர் தாத்தா'. கவின்மொழிக்குப் போனில் படித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன்.

தாத்தாவுக்கு ஒரு முகம் வேண்டுமே. நீளமான மூக்கு, காதில் பென்சில், நீலக் கட்டம் போட்ட லுங்கி, மேல் பொத்தான் இல்லாத சட்டை. கை தானாகப் போன வழியில் போனது. அவருக்கு ஒரு மனைவியும் உண்டு. அவளை ஒல்லியாக, கொண்டை போட்டு, கொஞ்சம் அழகாகவே வரைந்திருக்கிறேன். பிள்ளைகள் பார்க்கிற படம், லட்சணமாக ஒரு ஆளாவது வேண்டாமா?

ஜூன் 11, செவ்வாய்

நீல நைலான் சேலையைக் காணோம். கொடியில் காயப் போட்டது.

ஜூன் 15, சனி

இரண்டாவது இயந்திரம்: நாற்காலியைச் சுற்றி ஒரு டஜன் குடை. காற்று அடித்ததும் எல்லாக் குடையும் மேல்பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது. தொபுக்கடீர்.

மூன்றாவது: இரண்டு மின்விசிறியைத் தலைகீழாக மாட்டிய கட்டில். வீட்டுக்குள்ளிருந்து நீள ஒயர் இழுத்து ஓட்டுகிறார். கட்டில் லேசாக எழும்பி நடுங்குகிறது. அவர் குதித்த குதியில் பிளக் கழன்றுவிடுகிறது. தொபுக்கடீர்.

குடை இயந்திரத்தில் மனைவி கேட்கிறாள், "எனக்குச் சீட்டு எங்கே?" தாத்தா சொல்கிறார், "நீ கீழே நின்று கை தட்டு!" இது என் கற்பனை இல்லை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். வீடு நிறையக் குடையை விரித்து வைத்துக்கொண்டு ஒருத்தர் கட்டினவளைப் பார்த்து அப்படிச் சொன்னால், யாருக்குத்தான் மறக்கும்? அதற்கப்புறம் செய்ததெல்லாமும் ஒற்றைச் சீட்டுதான். தெருப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இவர் காதில் விழுகிற மாதிரி அந்த இடத்தைச் சத்தமாகவே சொல்வேன்.

மஞ்சள் நைலான் சேலையையும் காணோம். குரங்கு வேலையாக இருக்கும். இவரிடம் சொன்னேன். "குரங்குக சேட்டை கூடிப் போச்சு" என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஜூன் 18, செவ்வாய்

மழை வாடை மட்டும். மழை இல்லை. அரிசி ஊறப் போட மறந்துவிட்டேன்.

ஜூன் 22, சனி

இன்று எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

இவர் என்ன வரைகிறாய் என்று கேட்டபோது, ஒரு விஞ்ஞானி கதை என்று சொல்லி வைத்திருந்தேன். அது பொய்யா? வரைகிற தாளை எப்போதும் கவிழ்த்துத்தான் வைக்கிறேன். ஈரம் காய வேண்டும் என்பதற்காகத்தான் என்று இவரிடம் சொன்னேன். ஈரப் படத்தைக் கவிழ்த்து வைக்கக் கூடாது என்பது இவருக்கு எங்கே தெரியப் போகிறது.

இவர் என்னடாவென்றால் தான் வேலை பார்க்கிற கிரில் பட்டறைக்கு வருகிற போகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டம்மா ஒரு விஞ்ஞானியப் பத்திப் புக்கு போடுறா, பேரு போட்டு வருது" என்று சொல்லித் திரிகிறார். அச்சகத்து பைண்டிங் பெண்களுக்குக் காராச்சேவு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு தின்றிருப்பார்கள்.

சாயங்காலம் காபி குடிக்கும்போது கேட்டார். "ஜெயா, உன் கதையில வர்ற ஆளு கடைசில பறந்துருவாரா?"

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ம், பறந்துருவாரு" என்றேன்.

"அதான பார்த்தேன்" என்றார். அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். எனக்கு முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை. பாலை அடுப்பிலேயே பொங்க விட்டுவிட்டேன்.

"ஆடி பொறக்கட்டும், காத்து வரட்டும். உன்ன ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் போவதாக இருக்கும். ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 24, திங்கள்

நான்காவது இயந்திரம், மொபட் எஞ்சின் வைத்தது. மேலே போகவில்லை, தெரு வழியாக ஓடியது. முனீஸ்வரி அக்கா வீட்டுக் கொடித் துணியை மொத்தமாக இழுத்துக்கொண்டு போனது. தாத்தா தலையில் பாவாடை. இதை வரையும்போது எனக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

நிஜத்தில் அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. முனீஸ்வரி அக்கா தெருவே கேட்கும்படி பேசிய பேச்சுக்கு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஊரெல்லாம் இவரை ஏரோப்ளேன்காரர் என்பார்கள். நான் ஏரோப்ளேன்காரர் பெண்டாட்டி. இப்போது கல்யாணமாகிப் போய்விட்ட என் மகளை அப்போது பள்ளிக்கூடத்தில் ஏரோப்ளேன் மகளே என்று கூப்பிடுவார்கள், அவள் அழுதுகொண்டு வருவாள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், "என்ன, பறந்து வந்தீகளா, நடந்து வந்தீகளா?" என்று கேட்பார்கள். இந்த மனுஷனால் எத்தனை முறை தலை குனிந்திருப்பேன். இப்போது அதையே வைத்து நாலு பிள்ளைகள் சிரித்தால் என்ன குறைந்துவிடும்?

ஐந்தாவது படத்தை இன்றைக்கே ஆரம்பித்திருக்கலாம். கை வலிக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூன் 25, செவ்வாய்

ஐந்தாவது, மூங்கிலும் தார்ப்பாயும் வைத்து ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து குதித்தது. படத்தில் வைக்கோல் போரில் விழுகிறார். தலையைச் சுற்றி நட்சத்திரம் போட்டிருக்கிறேன்.

வைக்கோல் போர் எதுவும் அங்கே இல்லை. கல்தான் இருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் இருந்தார். இன்றைக்கும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார். பிள்ளைகள் புத்தகத்தில் அதையெல்லாம் போட முடியுமா?

ஜூன் 27, வியாழன்

அச்சுக்குப் போகும் முன்னால் பிள்ளைகளிடம் படித்துக் காட்டிப் பாருங்கள் என்று கவின்மொழி சொல்லியிருந்தாள். பக்கத்து ஆரம்பப் பள்ளிக்குப் படங்களைத் தூக்கிக்கொண்டு போனேன்.

முதல் தொபுக்கடீருக்கே வகுப்பு அதிர்ந்தது. இரண்டாவதற்கு அவர்களே சேர்ந்து கத்தினார்கள். எனக்கும் குஷி வந்து, குரலை ஏற்றி இறக்கி, நொண்டி நடந்துகூடக் காட்டினேன். ஏன் அப்படி நடந்து காட்டினேன் என்று தெரியவில்லை. கதையில் அவர் நொண்டவே இல்லை.

முன் பல் விழுந்த ஒரு சிறுமி எழுந்தாள். முத்துமீனா என்று பெயர். "டீச்சர், இது நம்ம ஊரு ஏரோப்ளேன் தாத்தா!"

"இல்லம்மா, இது சும்மா கதை" என்றேன்.

"அப்ப அந்தப் பாட்டி நீங்களா?"

இன்னொருத்தி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "போடி, படத்துல இருக்கிற பாட்டி ஒல்லி" என்றாள். வகுப்பு மறுபடி சிரித்தது. டீச்சரும் சிரித்தார்கள்.

பள்ளி விடுகிற நேரம் இவர் மொபட்டை எடுத்துக்கொண்டு என்னைக் கூட்டிப் போக வந்து நின்றார். நான் வரச் சொல்லவே இல்லை. வெயிலாக இருக்கிறதே என்று வந்தாராம். நீலக் கட்டம் லுங்கி, காதில் பென்சில். பிள்ளைகள் ஒரு நிமிஷம் அப்படியே பார்த்தார்கள். அப்புறம் கேட் முழுக்க ஒரே கூச்சல். "தொபுக்கடீர்! தொபுக்கடீர்!"

இவர் கையை ஆட்டினார். சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் கையை ஆட்டினார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்து, "போங்க, சீக்கிரம் போங்க" என்று முதுகில் தட்டினேன்.

"என்ன ஜெயா சொல்றாக பிள்ளைக?"

"ஏதோ விளையாட்டு."

"நல்ல பிள்ளைக" என்றார்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். இன்றைக்கு எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. புத்தகம் வருவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஜூன் 28, வெள்ளி

சொல்லவில்லை. இவருக்குப் பட்டறையில் கோவில் கேட் வேலை.

ஜூன் 30, ஞாயிறு

மீன் குழம்பு வைத்தேன். சாப்பிடும்போது சொல்லலாம் என்று இருந்தேன். முள் எடுத்துச் சாப்பிடுகிற மனுஷனிடம் எதைச் சொல்வது?

ஜூலை 1, திங்கள்

இனிமேல் சொல்ல வேண்டிய வேலை இல்லை.

சாயங்காலம் அச்சகத்துக்குப் போனேன். மிஷின் பார்க்கிற மாரீஸ்வரன், "மதினி, உங்க புக்குச் சோதனைத் தாளு அண்ணாச்சிகிட்டயே குடுத்து விட்டேனே! டீக்கடையில பார்த்தேன். 'அண்ணாச்சி, உங்க படம் கலர்ல வருது பாருங்க'ன்னு குடுத்தேன். அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம்" என்றான். அவனைச் சொல்லி என்ன செய்ய? இவருக்கு எல்லாம் தெரியும் என்றுதானே அவன் நினைத்திருப்பான்.

வீட்டுக்கு ஓடி வந்தேன். தாள் என் மேசையில் இருந்தது. காற்றில் பறக்காமல் இருக்க மேலே பிரஷ் டப்பாவை வைத்திருந்தார்.

சோதனைத் தாளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு அது ஒரு குழப்பம். ஒரே பெரிய தாளில் பதினாறு பக்கமும் முன்னும் பின்னுமாக அச்சாகியிருக்கும். பாதி நேராக இருக்கும், பாதி தலைகீழாக இருக்கும். ஒன்றாம் பக்கத்துக்குப் பக்கத்தில் பதினாறாம் பக்கம் கிடக்கும். மடிக்கத் தெரிந்தவர் மடித்தால்தான் கதை வரிசையாக வரும். அச்சகத்திலிருந்து அது விரித்த தாளாகத்தான் போகும், மடிப்பு இருக்காது.

இதில் மடிப்பு இருந்தது. முதலில் நீளவாக்கில் மடித்துப் பார்த்திருக்கிறார். அது தப்பு. அப்புறம் கோணலாக ஒரு மடிப்பு. அதுவும் தப்பு. அதற்கப்புறம் சரியாகக் குறுக்கே மடித்து, மறுபடி மடித்து, மறுபடி மடித்திருந்தார். என் புத்தகத்தை வரிசையாகப் படிக்க வேண்டும் என்று எங்கேயோ உட்கார்ந்து அத்தனை முறை மடித்துப் பார்த்திருக்கிறார். அப்போது ஆசையாகத்தானே மடித்திருப்பார்.

மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். "நீ கீழே நின்று கை தட்டு" என்ற இடத்தில் கிரீஸ் பட்ட பெருவிரல் ரேகை ஒன்று இருந்தது. வேறு எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஜூலை 2, செவ்வாய்

வேலை விட்டு நேராக வந்து, சாப்பிட்டு, டிவியில் செய்தி பார்த்தார். கொட்டகைப் பக்கம் போகவில்லை.

ஜூலை 3, புதன்

போகவில்லை.

ஜூலை 5, வெள்ளி

நானும் எத்தனை நாள்தான் தாங்குவேன். காபியைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தேன். அவரே சொன்னார்.

"புக்கு நல்லா இருக்கு ஜெயா. பிள்ளைக சிரிக்கும்."

நான் காபிப் பாத்திரத்தை மூடி வைத்தேன்.

"மூக்குதான் கொஞ்சம் பெருசு" என்றார். சிரித்தார். காபியை முழுதும் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அவர் டம்ளர் கழுவியதில்லை.

திட்டியிருக்கலாம். தாளைக் கிழித்து அடுப்பில் போட்டிருக்கலாம். நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தியிருந்தால், நானும் திருப்பிக் கத்தி, உங்களால் நான் பட்டது கொஞ்சமா என்று ஆரம்பித்திருப்பேன். அந்த வழியையும் அடைத்துவிட்டார்.

ஜூலை 8, திங்கள்

இன்று நான் செய்ததை எழுதவே கூசுகிறது.

காலையில் மாரீஸ்வரன் போன். "மதினி, பதினாறு பக்கத்துல பதினாலுதான் மேட்டர் இருக்கு. கடைசி ரெண்டு பக்கம் வெள்ளையாக் கிடக்கு. அப்படியே விட்டா அச்சுப் பிழைன்னு கடைக்காரங்க திருப்பி அனுப்பிருவாக. எதையாவது போட்டுக் குடுங்க." உடனே கவின்மொழியும் பேசினாள். "அக்கா, இன்னும் ஒரே ஒரு இயந்திரம். கடைசியா ஒரு பெரிய தொபுக்கடீர். குழந்தைங்க உருண்டு உருண்டு சிரிக்கணும்."

புத்தகத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். விளம்பரம் கொடுத்தாகிவிட்டது என்றாள். ஏன் என்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.

இவர் பட்டறைக்குப் போனதும் கொட்டகைக்குள் போனேன். எதற்கு? ஒரு கடைசித் தொபுக்கடீர் கிடைக்குமா என்று பார்க்கத்தான். அவ்வளவு பட்ட பிறகும் என் கையில் பேப்பரும் பென்சிலும் இருந்தன. இதைவிட ஒரு மானக்கேடு உண்டா?

உள்ளே ஒரு இயந்திரம், பாதி கழற்றிய நிலையில் இருந்தது. இறக்கை மட்டும் தனியாகச் சுவரில் சாய்த்திருந்தது. நீலமும் மஞ்சளுமாக இருந்தது. குரங்கு தூக்கிக்கொண்டு போனதாக நான் சொன்ன சேலைகள். தையல் அத்தனை நெருக்கமாகப் போட்டிருந்தார். கையால் தைத்தது.

இரண்டு சீட்டு இருந்தது.

முன்னால் ஒரு இரும்புச் சீட்டு, பலகை மாதிரி. பின்னால் இருந்ததில் மெத்தை வைத்து, அதற்கு உறை போட்டிருந்தது. அதன் கீழே கால் வைக்க ஒரு சின்னக் கட்டை. எனக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. அதற்காக வைத்திருக்கிறார். பக்கவாட்டில் ஒரு கொக்கி பற்றவைத்திருந்தது. எதற்கென்று முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. மஞ்சள் பை இல்லாமல் நான் எங்கேயும் போக மாட்டேன்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் எடையைக் கேட்டது, சேலை போனது, ஆடி பிறக்கட்டும் என்றது எல்லாம் இப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்து எனக்குப் புரிந்தது. வருஷக் கணக்காக எனக்குச் சீட்டு எங்கே, எனக்குச் சீட்டு எங்கே என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் சீட்டுச் செய்திருக்கிறார். அதே நேரம் பத்தடி தள்ளி, வீட்டுக்குள், நான் அவர் தலையில் பாவாடையை வரைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

கேட்டுவிட்டேன். கொட்டகைக்குப் போனேன் என்று சொன்னேன். எதற்குப் போனேன் என்பதைச் சொல்லவில்லை.

"ஏன் கழட்டினீக?"

"அது தூக்காது."

"பொய் சொல்லாதீக."

பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். "புக்கு ஊருக்கெல்லாம் வரப் போகுது. இனி நான் எத வெளிய எடுத்தாலும் பிள்ளைக கூட்டமா வந்து நின்னு சிரிக்கும். சிரிக்கட்டும், எனக்குப் பழகிருச்சு. உன்ன ஒருநாளும் அப்படி உட்கார வச்சதில்ல. பின் சீட்டுல நீ இருக்கும்போது சிரிச்சா நல்லாருக்காது."

"என்னங்க..." என்றேன்.

"விடு. புக்குல அஞ்சோட முடிஞ்சிருச்சுல்ல, அஞ்சோடயே இருக்கட்டும்" என்று எழுந்து போனார். இடது காலை இழுத்து இழுத்துப் போனார். அன்று வகுப்பில் நான் நடந்து காட்டியது அச்சு அசல் இதே நடை.

ஜூலை 11, வியாழன்

மாரீஸ்வரன் இரண்டு முறை போன் செய்தான். எடுக்கவில்லை.

ஜூலை 13, சனி

தண்ணீர் வந்தது. முனீஸ்வரி அக்கா குழாயடியில், "என்ன ஜெயக்கொடி, உங்க வீட்டுக்காரர் கதை புக்கா வருதாமே, எஞ் சேலைதுணி போனதும் உண்டா?" என்று சிரித்தாள். முன்னெல்லாம் இவர் செய்ததற்கு நான் தலை குனிந்தேன். இன்றைக்கு நான் செய்ததற்குக் குனிந்தேன். இரண்டும் ஒன்றில்லை. இது நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்த வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை. கேட்டால், "சரி சரி, சோத்தப் போடு" என்று முடித்துவிடுவார்.

ஜூலை 15, திங்கள்

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வரைய உட்கார்ந்தேன்.

ஜூலை 17, புதன். ஆடி ஒன்று

காலையிலிருந்து காற்று. தென்னை மட்டை இரண்டு விழுந்தது. உளுந்து மாவில் கருப்பட்டி போட்டுக் கும்மாயம் கிண்டினேன். இவர் சாப்பிட்டு முடித்ததும் கடைசி இரண்டு பக்கத்தையும் அவர் முன்னால் வைத்தேன். இந்த முறை கவிழ்த்து வைக்கவில்லை.

பதினைந்தாம் பக்கத்தில் இறக்கை மட்டும். நீலம், மஞ்சள். "ஆறாவது இயந்திரத்தில் இரண்டு சீட்டு" என்று எழுதியிருந்தேன். இவர் ரொம்ப நேரம் அதையே பார்த்தார். அப்புறம் அடுத்த தாளை எடுத்தார்.

பதினாறாம் பக்கத்தில் பின் சீட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒல்லிப் பாட்டி இல்லை, நான். இரட்டைத் தாடை, பிதுங்குகிற இடுப்பு, கண்ணாடி, கொக்கியில் மஞ்சள் பை, கட்டையில் கால். என் பாரத்தில் இயந்திரம் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிற்கிறது. வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்க்கிறேன். பிள்ளைகள் சிரிக்கத்தான் வரைந்தேன். அவரைச் சிரிக்க வைத்த அளவுக்கு என்னையும் பார்த்துச் சிரிக்கட்டும்.

"என்ன ஜெயா, இம்புட்டுக் குண்டா வரைஞ்சிருக்க?"

"உள்ளபடிதான் வரைஞ்சிருக்கேன்."

"இல்லையே, அம்பத்தெட்டு கிலோ இப்படியா இருக்கும்?"

"அறுபத்தொன்பது" என்றேன். "நான் அம்பத்தெட்டு இல்லங்க. பொய் சொல்லிட்டேன். ஆடி பொறக்கட்டும்னு நீங்க சொன்னப்ப, தபசுக்குக் கூட்டிட்டுப் போகத்தான்னு நினைச்சேன். புக்குல நீங்க கடைசில பறப்பீகன்னு சொன்னதும் பொய். விஞ்ஞானி கதைன்னு சொன்னதும் பொய். அன்னைக்குக் கொட்டகைக்கு நான் போனதே உங்கள இன்னொரு தடவை விழ வைக்கத்தான். எல்லாமே என் தப்புதான்."

இவர் என்னையே பார்த்தார். "அறுபத்தொன்பதா?"

"ஆமா."

"பதினொரு கிலோ வித்தியாசம்! அடிப்பாவி, நான் அம்பத்தெட்டுக்குல்ல இறக்கை வெட்டினேன்! ஏறியிருந்தா ரெண்டு பேரும் தொபுக்கடீர்தான்!"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார் பாருங்கள். இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். நடுவில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தேன்.

அப்புறம் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "பக்கத்துக்கு ரெண்டு முழம் கூட்டணும். இன்னும் ரெண்டு சேலை வேணும்."

"நைலான் தீந்து போச்சு. பாலியெஸ்டர் ஆகுமா?"

பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாசலுக்குக் கொண்டுபோய்க் காற்றில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆகும் என்றார்.

ஜூலை 18, வியாழன்

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாரீஸ்வரன் பார்த்துவிட்டு, "மதினி, கடைசிப் பக்கத்துல தொபுக்கடீர் விட்டுப் போச்சே?" என்றான். விட்டுப் போகவில்லை என்றேன். அங்கே என்ன போட வேண்டும் என்று அவனிடம் சொல்லி, நானே எழுதியும் கொடுத்தேன்: "இன்னும் விழவில்லை."

ஆகஸ்ட் 2, வெள்ளி

பள்ளியில் புத்தகம் கொடுத்தார்கள். இவரும் வந்தார். சலவைச் சட்டை, எல்லாப் பொத்தானும் இருந்தது. நான் போகவே பயந்தேன், அவர்தான் இழுத்துக்கொண்டு போனார்.

நான் படித்தேன். பிள்ளைகள் கத்தினார்கள். ஒவ்வொரு தொபுக்கடீருக்கும் இவர் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார். ஐந்தாவதற்கு மட்டும் கத்தவில்லை. நானும் அந்தப் பக்கத்தை வேகமாகத் திருப்பிவிட்டேன். வைக்கோல் போரைப் பார்க்கிறபோது இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது. அது புத்தகத்தில் இருக்கும்வரை சுடும்.

கடைசிப் பக்கம் வந்ததும் பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. என்னைப் பார்த்து அத்தனை பேர் சிரித்து நான் நின்றதே இல்லை. ஆனால் நின்றேன்.

முத்துமீனா எழுந்தாள். இப்போது அவளுக்குப் புதுப் பல் முளைத்திருக்கிறது. "பாட்டி, இது பறக்குமா? இல்ல இதுவும் விழுமா?"

இவர் என்னைப் பார்த்தார். பதில் நான் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

"தெரியாதும்மா" என்றேன். "ஞாயித்துக்கிழம காலையில வறண்ட கண்மாய்க்கு வா. எல்லாரையும் கூட்டிட்டு வா."